ஃபேஸ் மாற்றத் தெரிந்த பெண்

மார்ச் 3, 2025
ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான் உட்கார்ந்தால் சண்டை. சண்டையை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். உலோகம் கரண்ட் கடத்தாத பொருளாகிவிடும். இயற்பியலில் இதற்குப் பெயர் ஃபேஸ் மாற்றம். என் மாதிரியில் இது மெல்ல, வழுக்கினாற்போல் நடக்கிறது என்று எழுதிவிட்டேன். என் கைடு வேல்முருகன் சாருக்கும் திருப்தி. மாதக் கடைசியில் சமர்ப்பிக்கணும். சரிபார்ப்புக் கணக்கு இன்னும் கணினியில் ஓடுகிறது.

மார்ச் 7
கோவிலில் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்ததும் அம்மா எல்லாரிடமும்: "எங்க ஜான்சி ஃபேஸ் மாறுறதப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது."

மார்ச் 9
பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் சாலமன் அண்ணன் வந்தார். மோட்டாருக்கு ஒரு ஃபேஸில் கரண்ட் வரவில்லையாம். "மாத்தி உடும்மா." நான் படிப்பது வேறு ஃபேஸ் என்றேன். "எது படிச்சா என்னா? மொத்தமே மூணு ஃபேஸ்தான?"



மார்ச் 10
மறுபடி வந்தார். இன்றைக்குப் பாத்திக்குத் தண்ணி விடாவிட்டால் உப்பு கெட்டுவிடுமாம். அம்மா வேறு முறைத்தாள். போனேன். மோட்டார் கொட்டகையில் இருந்த ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பினேன்.

டப்.

எங்கள் தெரு வரைக்கும் கரண்ட் போச்சு. லைன்மேன் அறிவழகன் வந்து, "யாருய்யா கை வச்சது?" என்றதும் சாலமன் அண்ணன் பெருமையாக என்னைக் காட்டினார். "அதுல ஆராய்ச்சி பண்ற பொண்ணு சார்!"

வீட்டில் கணினியும் அணைந்து கிடந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் ஓடிய கணக்கு. செத்தேன்.

மார்ச் 11
தப்பியது ஒரே கோப்பு — சண்டை உச்சத்தில் இருக்கும் பக்கம். சரி, அங்கிருந்தே கீழே இறக்கி ஓடவிட்டேன்.

மார்ச் 14
சண்டையின் அளவு அதே எண். போன வாரம் கரண்ட் கடத்தியது, இன்று கடத்தவில்லை. ஒரே கேள்விக்கு ரெண்டு விடையா? பைத்தியம் கியித்தியம் பிடிச்சிடுச்சா எனக்கு? போனில் சார், "புரோகிராம்ல தப்பு. பொறுமையா தேடுங்க." பொறுமையாமே!

மார்ச் 19
தப்பு கிடைக்கவில்லை. அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். "காணாமப் போனத அவரு கண்டுபுடிச்சுக் குடுப்பாரு." தப்பைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு வேண்டுதல்!

மார்ச் 24
தப்பே இல்லை!!

ஏற்றும்போது ஓரிடத்தில் சட்டென மாறுகிறது, இறக்கும்போது வேறிடத்தில். நடுவில் இரண்டு நிலையுமே நிற்கும் — எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதுதான் கணக்கு. வழுக்கல் இல்லை, குதிப்பு. நான் இத்தனை நாள் ஏற்றிக்கொண்டு மட்டும் போய், தூரத் தூரப் புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்திருக்கிறேன்.

சார் போனில் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அந்த அத்தியாயத்தத் தூக்கிப் போடுங்க. புதுசா எழுதுங்க. டைம் நான் வாங்கித் தர்றேன்."

அழுதேன். சந்தோஷமா, பயமா, தெரியல.

பிப்ரவரி 8, 2026
டாக்டர் பட்டம் கிடைத்து ஒரு வாரம். காலையில் வாசலில் ஒருத்தர், கயிற்றில் ஆட்டோடு. "டாக்டரம்மா இருக்காங்களா? நேத்துலேருந்து எதுவும் திங்க மாட்டேங்குது."

அம்மா கொஞ்சமும் தயங்காமல், "உக்காருங்க, இதோ வந்துடுவாங்க."