கடற்பாசி வடகம்

புரட்டாசி, திங்கட்கிழமை இரவு

கடற்பாசியில் ஒட்டி வரும் கடுகளவு நத்தைகளைப் பொறுக்கிவிட்டுத்தான் அரைக்க வேண்டும். போன வாரம் அவசரத்தில் பாதியோடு விட்டு அரைத்துவிட்டேன். அந்தப் பொடியைக் கலந்துதான் ஆய்வுக்கான ஜவ்வரிசி வடகத்தைப் போட்டேன்.

எங்கள் ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் சரசக்கா புரட்டாசியில் முட்டையைக்கூடத் தொடமாட்டார். வடகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, இது சைவந்தானுங்களே?" என்று கேட்டார்.

"கடல்ல வெளையற கீரைங்க்கா" என்றேன். புரதம், இரும்புச்சத்து, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று ஒரு பாடமே நடத்தினேன். நத்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேராசிரியர் காதுக்குப் போய்விடுமோ என்று பயம். சரசக்கா ஒரு பொட்டலம் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

இன்று டப்பாவோடு வந்தார். "சனிக்கெழம பெருமாளுக்குப் பொரிச்சுப் படைச்சனுங்க சாமி. உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டே நிற்க, தின்றேன்.

"அங்கங்க நறநறன்னு கடிக்குதுங்க. கடல் மண்ணுங்களா?" என்று கேட்டார்.

அதற்கும் ஆமாங்க என்றேன்.