நாற்பதாம் நம்பர் நூலும் அரைக் கிலோ கேக்கும்

இன்று காலை தம்பிக்குக் கேக் வாங்க பேக்கரிக்குப் போயிருந்தேன். கேக் மேல் பெயர் எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "கத்தி வெக்கட்டுங்களா?" என்றார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"வேண்டாங்க, எங்கூட்ல நூல் இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். "அட, அந்தப் பாட்டுப் புள்ளயா நீயி? கூட இன்னொரு புள்ள வருமே, அதெங்க?"

நீ போய் ஏழு மாசம் ஆகிறது என்பதைக் கேக் டப்பாவுக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? ஊரில் இல்லீங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்ததும் வராததுமாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு தறி ஓடுகிற சத்தத்தில் நான் அழுதாலும் யாருக்கும் கேட்காது. குமாரபாளையத்தில் பிறந்தவர்களுக்கு இருக்கிற ஒரே சௌகரியம் இதுதான் என்று நீ சொல்வாய்.

நம் இரண்டு தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாக்கடை. ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். மாரியம்மன் நோம்பியில் எந்தத் தெருவின் பேனரை முன்னால் வைப்பது என்று ஆரம்பித்த சண்டைக்கு அப்புறம் அதை ஒருத்தரும் தாண்டவில்லை. அன்றைக்கு உன் அண்ணன் வீசிய கத்தி என் தம்பியின் இடது கையைக் கிழித்தது. தையல் போட்டார்கள், காயம் ஆறியது, இரண்டு விரல் மட்டும் மடங்கவே இல்லை. நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். முடிச்சுப் போட்டால்தான் மறுபடி ஓடும். அந்த முடிச்சு என் தம்பியின் கைக்கு வரவில்லை. ஒரு நாள் முழுக்க முயற்சி செய்து பார்த்துவிட்டு, தறியில் ஓடுகிற நாடாக் கட்டையைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டு வெளியே போனான். ஒரு கூட்டத்தோடு சேர்ந்தான். "அவன் கையி ரெண்டையும் எடுக்காம உடமாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாம் இருவர் மட்டும் திருச்செங்கோட்டுக்குப் போகிற காலேஜ் பஸ்ஸில் பழையபடி ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். உனக்குத் தாளம், எனக்கு வாய். பாட்டு எழுதி இவர்களை நிறுத்திவிடலாம் என்று நினைத்தோம் பார், அந்தத் திமிர் இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் பாட்டை மறக்க முடியுமா? எங்கள் தறிச் சத்தத்தைப் போனில் பிடித்து, அதன் அடியில் நெஞ்சு அதிர்கிற மாதிரி ஒரு அடியைச் சேர்த்தாய். நான் கத்தினேன். 'எட்டு ஊட்டுக்குக் கேக்கும் எங்க அருவாச் சத்தம்' என்பது முதல் வரி. 'எங்கம்மா அழுவற சத்தம் மட்டும் எவனுக்குக் கேக்கும்' என்பது அடுத்த வரி. பயல்கள் பாட்டை முதல் வரியோடு வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அரிவாளைத் தூக்கிக் காட்டுகிற வீடியோவுக்கெல்லாம் நம் பாட்டுதான். அந்த வருஷம் என் தம்பி தன் பிறந்தநாளுக்கு நடுத்தெருவில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டினான். பின்னால் ஓடியது என் குரல். கீழே உன் அண்ணனின் போட்டோவைப் போட்டு, 'அடுத்தது நீதான்' என்று எழுதியிருந்தான். மறுநாள் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. அம்மா ஸ்டேஷன் வாசலில் மூன்று நாள் கிடந்து அவனைக் கூட்டிவந்தாள்.

அப்போதுகூட எனக்குப் புத்தி வரவில்லை. நம்ம பாட்டை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் பாரு என்று பஸ்ஸில் உனக்குப் போனைக் காட்டினேன். நீ போனைத் தள்ளிவிட்டாய்.

"ஏம்புள்ள, அடிடான்னு சொல்ற தாளத்தப் போட்டுட்டு அடிக்காதடான்னா எவன் கேப்பான்? நாமதான் அருவாளத் தூக்கிக் கையில குடுத்திருக்கறோம்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "உங்கண்ணன் கத்திய வீசுனப்ப எந்தப் பாட்டுடி ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீ எழுந்து போய் முன் சீட்டில் உட்கார்ந்தாய். அதற்கப்புறம் பத்து நாள் நாம் பேசவில்லை. அந்தப் பத்து நாளைத் திருப்பிக் கொடு என்று இப்போது யாரிடம் கேட்பேன்?

பதினோராம் நாள் என் பிறந்தநாள். சாக்கடையைத் தாண்டி, கையில் கேக்கோடு, என் தம்பி இருக்கிற வீட்டுக்குள் நீ வந்து நின்றாய். "சாமி, நீ எதுக்குக் கண்ணு இங்க வந்த?" என்று அம்மா பதறினாள். "பசிக்குதுங்கம்மா, மொதல்ல கேக்க வெட்டலாங்க" என்றாய். வெட்டுவதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. தம்பிக்குப் பயந்து கத்தி, அரிவாள்மணை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் அம்மா. ஒரு மாசமாகச் சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டுத்தான் எங்கள் வீட்டில் குழம்பு. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு தறிக்குப் பக்கத்தில் இருந்த நாற்பதாம் நம்பர் நூல் கோனிலிருந்து ஒரு முழம் நூலை இழுத்தாய்.

"இந்தா, ஒரு முனைய நீ புடி."

கேக்கின் மேல் வைத்து இருவரும் அழுத்தினோம். வெண்ணெய் மாதிரி இறங்கியது. "பாத்தியா? அருவாளுக்கு ஒருத்தன் போதும். இதுக்கு ரெண்டு பேரு வேணும்" என்றாய். உள் அறையில் தம்பி இருந்தான். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன், இருவரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

அன்றைக்கே அடுத்த பாட்டை ஆரம்பித்தோம். இந்தத் தடவை உன் சட்டம் கறாராக இருந்தது: எந்த இடத்தில் வெட்டினாலும் அரிவாளுக்கு ஒத்து வரக் கூடாது. நெஞ்சை அதிர வைக்கிற அடியைத் தூக்கி எறிந்தாய். வெறும் தறிச் சத்தம். திடீரென்று நூல் அறுந்த மாதிரி நிற்கும். நிற்கிற இடத்தில் நான் கேட்பேன், 'ஒரு முனைய நான் புடிச்சேன்.' நீ முடிப்பாய், 'மறு முனைய யார் புடிப்பா?' நோம்பி மேடையில் முதல் தடவை பாடியபோது பயல்கள் ஊளையிட்டார்கள். கிண்டலுக்கென்று ஒருவன் நூலால் கேக் வெட்டி வீடியோ போட்டான். அவனைப் பார்த்து இன்னொருவன் போட்டான். பிறகு கிண்டல் எங்கே போனதென்றே தெரியவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியிலும் நூல்தான் வெட்டியது. "போச்சாது போ, சிரிச்சுக்கிட்டாவது வெட்டட்டும்" என்றாய் நீ.

என் தம்பி மட்டும் வெட்டவில்லை. கூட்டத்தை விட்டு வந்துவிட்டான், ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் பிறந்தநாளுக்குக் கேக்கே வேண்டாம் என்றுவிட்டான்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. காய்ச்சல் என்று படுத்தாய், நாலே நாள். உன் வீட்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது தம்பி வாசலில் நின்றிருந்தான். உன் அண்ணன் பெயரைச் சொல்லாமலே, "அக்கா, அவன் அழுதானா?" என்று கேட்டான்.

"அழுதாருடா. நெலத்துல உளுந்து அழுதாரு."

அவன் மடங்காத விரலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சரி, இப்போது கிளம்புகிறேன். செய்யப் போவதை உன்னிடம் சொன்னால் கைதட்டுவாய். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அண்ணன் வேலை செய்கிற சைசிங் மில்லுக்குப் போனேன். பாவு நூலில் ஏற்றக் காய்ச்சுகிற கஞ்சியின் வாசனை, உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த அதே வாசனை, வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்குத் தம்பிக்குப் பொறந்தநாளுங்க. ஊட்டுக்கு வரோணும். நூலுக்கு மறு முனையப் புடிக்க ஆளில்லீங்க."

"அவன் கூப்டானா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். சுத்தப் பொய். வீட்டுக்கு வந்து தம்பியிடம், "அவராவே வாரேன்னாருடா, நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். அது அதைவிடப் பெரிய பொய். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், ரெண்டு பொய் சொல்லி ஒரு கேக் வெட்டக் கூடாதா? வாய்தான் அப்படிச் சொன்னது. அவர் வந்து, இவன் எழுந்து கையை ஓங்கினால், உள்ளே விட்டவள் நான். அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

வந்தார். சாக்கடையைத் தாண்டுமுன் ஒரு கணம் நின்றார், ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, "பொறந்தநாளுங்களா" என்று பொதுவாகச் சொன்னார். தம்பி எழுந்தான். எழுந்தவன் போய்த் தறியை ஒவ்வொன்றாக நிறுத்தினான். வீடு அப்படி அமைதியாகி நான் பார்த்ததே இல்லை.

நூலை நீட்டினேன். ஒரு முனையை உன் அண்ணன் வாங்கிக்கொண்டார். தம்பி வேண்டுமென்றே இடது கையை நீட்டினான். வலது கை சும்மாதான் இருந்தது. நூல் அந்த விரல்களில் நிற்கவில்லை, நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தது. உன் அண்ணன் அந்த விரலைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது. குனிந்து நூலை எடுத்து, தம்பியின் கையைப் பிடித்து, மடங்காத விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. முடிச்சு ஒன்று போட்டார்.

"வலிக்குதா?"

தம்பி நூலை ஒரு தடவை இறுக்கிப் பார்த்தான். அப்புறம், "இல்லீங்க. இழுங்க" என்றான்.

பள்ளிபாளையத்தில் அடுத்த வாரம் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ இல்லாமல் அந்தப் பாட்டை எப்படிப் பாடுவது என்று ஏழு மாசமாக எல்லோருக்கும் வேண்டாம் என்றே சொல்லிவந்தேன். இன்றைக்குத்தான், 'வாரேன்' என்று சொல்லிவிட்டேன். உன் வரி வருகிற இடத்தில் தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டப் போகிறேன், எவனாவது பாடட்டும். நீ இழுத்த அந்தக் கோனில் பாதிக்கு மேல் நூல் இருக்கிறது. அது என் பையிலேயே கிடக்கிறது, புள்ள.