பல் டாக்டருக்கு வைக்காத புள்ளி

போர்ட் பிளேர், 12-6-1964

அன்புள்ள அம்மாவுக்கு, குழந்தைவேலு வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் கடைவாய்ப் பல்வலி எப்படி இருக்கிறது?

கேட்கக் காரணம் உண்டு. போன வாரம் ஒரு பல் டாக்டருக்குத் தமிழில் போர்டு எழுதினேன். 'பல் நிபுணர்' என்று எழுதச் சொன்னார் எங்கள் போர்டு கடை முதலாளி. குறும்பாகப் புள்ளியை விட்டேன். 'பல நிபுணர்' ஆகிவிட்டது. மறுநாளே ஒருவர் முழங்கால் வலியோடு அங்கே போய் நின்றாராம்!

டாக்டர் கடைக்கே வந்துவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"புள்ளி கிடக்கட்டும் தம்பி. நிபுணர்னு போட மேல்படிப்பு வேணும், அதான் விதி. நான் படிக்கல. அந்த வார்த்தையை அழிச்சிடு" என்றார்.

"மெயின்லேண்ட்லேர்ந்து யார் சார் வந்து பார்க்கப் போறா?" என்றார் முதலாளி.

"என்னை நம்பி வாயைத் திறக்கிறவன் பார்ப்பானே!"

இப்போது வெறும் 'பல் டாக்டர்'தான், புள்ளியோடு. இவரிடம் பயமில்லாமல் பல்லைக் காட்டலாம். அடுத்த கப்பலில் வாயேன். வரும்போது போர்டு எழுத மெல்லிய பிரஷ் இரண்டு வாங்கி வா.

வர முடியாவிட்டால் நீளமாகக் கடிதம் போடு. நீ எப்போதும் போலப் புள்ளியே வைக்காமல் எழுது. ஒவ்வொன்றாக நானே வைத்துப் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும்.

தபால் மூட்டை கட்டுகிறார்கள்.

உன் குறும்பன்
(பட்டம் வாங்காததால் 'குறும்பு நிபுணன்' என்று போடவில்லை)