உங்கள் பேனரைப் பார்த்து வந்த தாய்மார்

அக்கா,

இன்று காலை உங்கள் முகத்தை எடுத்து மழைக்குக் கட்டினோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து வகுப்புத் தரை பாதி நனைந்துவிட்டது. கைக்கு அகப்பட்டது சந்தியிலிருந்து அவிழ்த்து மூலையில் சுருட்டி வைத்திருந்த உங்கள் பேனர்தான். விரித்ததும் தொண்டையைப் பிடிக்கிற அந்த மை வாடை குப்பென்று வந்தது. இந்தக் கட்டடம் முன்பு மிளகு ஸ்டோர் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை தரம் கழுவியும் போகாத மிளகு வாசனையையே அது அமுக்கிவிட்டது. நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன நாளிலிருந்து எனக்கு அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. அதில் பெரியது இன்று காலைதான் வந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

மாத்தளை டவுனில் அந்தப் பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூலில் நாம் இருவரும் படிப்பித்துக்கொண்டிருந்தோமே, அங்கே கான்சர்ட்டுக்காக ஒரு தவணையையே தின்று தீர்த்தார்கள். மேடையில் இங்கிலீஷில் பாடிய பிள்ளைக்குத் தன் பெயரை வாசிக்கத் தெரியவில்லை. அன்று ஸ்டாஃப் ரூமில் உங்கள் யாழ்ப்பாணத் தமிழில் நீங்கள் வெடித்தீர்கள். "இது பள்ளிக்கூடமோ, கலியாண மண்டபமோ? பாத்திமா, நீர் வாறீரோ? நாங்களே ஒண்டு தொடங்குவம். டை வேண்டாம், கான்சர்ட் வேண்டாம். பிள்ளை வாசிக்கோணும், எழுதோணும், கணக்குச் செய்யோணும். சாதாரண சனத்துக்குக் கட்டக்கூடிய ஃபீஸ்."

"ஒங்களுக்கு என்ன பைத்தியமா அக்கா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானும் உங்களோடு சேர்ந்து வேலையை விட்டேன்.

யட்டவத்த பாதையில் இந்த ஸ்டோர் கிடைத்தது. மேசை வாங்க வழியில்லை. நீங்கள் சீமெந்துத் தரைக்குக் கறுப்பு அடித்து, பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று கோடு கிழித்தீர்கள். ஆளுக்கொரு சோக். முழங்கால் போட்டு, கையை வீசி, பெரிது பெரிதாக எழுத வேண்டும். பின்னேரம் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் மறுநாளைக்குப் புதுக் கொப்பி! மிளகுத் தூள் கிளம்பி வகுப்பே தும்மும். முதல் மாதம் முழுக்கத் தும்மலுக்கு நடுவேதான் அகரம் நடந்தது.

பெற்றோரைக் கூப்பிட்ட முதல் நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பல்லேபொல பக்கமிருந்துகூட த்ரீவீல் பிடித்து வந்திருந்தார்கள். ஒரு தாய் கேட்டார்: "டை என்ன கலர் மிஸ்?"

நீங்கள் எழுந்து நின்று சொன்னீர்கள்: "டை இல்லை. கையைக் கழுவிப்போட்டு அனுப்புங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். "தரையிலயா மிஸ் ஒக்கார வைக்கிறீங்க?" தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போய்விட்டார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து அந்தச் சுவர். மற்ற இடங்களில் ஃபீஸைக் கேட்டாலும் சுற்றி வளைப்பார்கள், நாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்வோம் என்று, வெளிச்சுவரில் நம் குறைந்த மாதக் கட்டணத்தைப் பெரிய எழுத்தில் எழுத வைத்தீர்கள். ஒரு கிழமை கழித்து என் மதினியே என்னைப் பிடித்துக் கேட்டார்: "ஸகாத் காசுலயாமே ஸ்கூல் நடத்துறீங்க? நம்ம புள்ளைங்கள அங்க எப்பிடி விடுறது? ஊரு என்ன பேசும்?" ஏழைகளுக்குக் கொடுக்கிற தர்மத்தில் நடக்கும் இடம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டிருந்தது! உங்களிடம் வந்து சொன்னேன். உங்களுக்கோ முகமே செத்துவிட்டது. "குறைவெண்டா சனம் சந்தோஷப்படும் எண்டெல்லோ நினைச்சன்" என்றீர்கள். அன்றே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஊர் வாய்க்கு எதை அடிப்பது?

நாம் நடுவில் மாட்டிக்கொண்டோம் அக்கா. காசு கட்ட முடியாதவர்கள், "கவர்மென்ட் ஸ்கூல்ல பொஸ்தகமும் சும்மா, துணியும் சும்மா, காசு குடுத்துத் தரையில ஒக்காரணுமா?" என்றார்கள். கட்ட முடிந்தவர்களுக்கு டை வேண்டும், வாசலில் பெரிய கேட் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நம்மை நம்பி வந்தது கொஞ்சப் பேர். நாங்கள் நானா என்று கூப்பிடுகிற த்ரீவீல்காரரின் மகள் ரிஸ்னா அதில் ஒருத்தி. வந்த புதிதில் சோக்கைக் கடித்துத் தின்றாள். அவள் கட்டத்துக்குப் பக்கத்தில் நீங்களும் முழங்கால் போட்டு உட்கார்ந்து, உங்கள் சாரி முழுக்கச் சோக்குத் தூளோடு எழும்புவீர்கள். வாசிக்க வந்த பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பிஸ்கட் பேக்கட், பஸ் போர்ட், மருந்துப் போத்தல், எல்லாம் வாசிப்பு.

அப்படியும் வகுப்புகள் நிரம்பவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நின்றபோது, டிசம்பரோடு மூடிவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். பஸ் வந்துவிட்டது. "திங்கக்கிழமை கதைப்பம்" என்று ஏறினீர்கள். ஞாயிறு விடியவே உங்கள் கணவர் போன் பண்ணினார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன், பாவம் அந்த மனிதரை. அன்று பின்னேரமே உங்களை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் ஸ்டோர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பாதையோரத்தில் நின்றேன்.

பிள்ளைகளின் வாப்பாமார் காசு சேர்த்துச் சந்தியில் பேனர் கட்டினார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். மறுநாள் ரிஸ்னாவின் வாப்பாவுடைய த்ரீவீலில் போகும்போது அதைப் பார்த்து, "நிப்பாட்டுங்க நானா!" என்று கத்திவிட்டேன். யா அல்லாஹ்! உங்கள் தலை, ஆனால் உடம்பில் பட்டதாரிகள் போடுகிற கறுப்புக் கவுன். தலையில் தட்டைத் தொப்பி. கழுத்தில் டை! அக்கா, டை! பின்னால் வானவில்லும் பலூனும். மேலே இங்கிலீஷில் நம் பள்ளிக்கூடத்தின் பெயர், அதோடு நீங்கள் ஜென்மத்துக்கும் சேர்க்க விடாத 'இன்டர்நேஷனல்'. கீழே தமிழில் சின்னதாக மட்டும் கண்ணீர் அஞ்சலி. நடுச்சந்தியில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அச்சடித்த கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அந்தத் தம்பி டியூஷன் மாஸ்டர்மாருக்குப் போடுகிற டிசைனையே எடுத்துப் போட்டிருக்கிறான். "எல்லாம் இன்டர்நேஷனல்தானே மிஸ்? வெறும் சாரியோட போட்டா எடுப்பா இல்ல. அதான் கோட்டு போட்டு விட்டேன். அதுக்கு எக்ஸ்ட்ரா ஒண்ணும் எடுக்கலயே" என்றான். அவனை என்ன செய்வது? கட்டியவர்களின் மனசு நோகும் என்று உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் வரை அதை விட்டுவிட்டேன்.

பிறகு நடந்ததுதான் நம்ப முடியாதது. தாய்மார் வர ஆரம்பித்தார்கள். ஜனவரிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வந்தார்கள். அன்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்களில் இரண்டு பேரும் வந்தார்கள். என் மதினியும் வந்தார்! உங்களை இழந்த பிறகாவது ஊருக்கு உங்கள் அருமை தெரிந்ததே என்று நான் உருகிப்போய்ப் பெயர்களை எழுதினேன். இனி மூட வேண்டியதில்லை என்று ஒரு நாள் இந்தத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இன்று காலை பேனரைக் கட்டி முடித்த கையோடு ஒரு தாய் வந்தார், மகளையும் நனைந்த குடையையும் பிடித்துக்கொண்டு. ஜன்னலில் உங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த மிஸ் எங்க? இவங்க கிளாஸ்லயே என் மகளப் போடணும். சந்தியில போட்டோ பார்த்ததுல இருந்து கேட்டுட்டே ஈக்கிறா. இன்னக்கி லீவா?"

"பேனர்லயே போட்டிருக்கே..." என்றேன்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது மிஸ். நான் சிங்களத்துலதான் படிச்சேன்."

அப்போதுதான் விளங்கியது அக்கா. டியூஷன் பேனர் மாதிரித்தானே இருந்தது! 'பெரிய மிஸ் எப்ப இருப்பாங்க' என்று முந்தாநாள் ஒருத்தி கேட்டாள்; என் மதினிக்காவது விஷயம் தெரியும், இன்னும் எத்தனை பேர் அப்படிக் கேட்டார்கள்? எல்லாரும் உயிரோடு இருக்கிற உங்களைத் தேடியா வந்தார்கள்?

நான் வாயைத் திறப்பதற்குள் ரிஸ்னா தன் கட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். வாசிக்க ஒன்று கிடைத்துவிட்டதே! சோக்கு விரலை வைத்துத் தொடங்கினாள். "கண்...ணீர் அஞ்...சலி. எம்மை விட்டுப் பிரிந்த... எங்கள் அன்பு டீச்சர்..." தொடங்கும்போது பெரிய குரல். போகப் போகக் குரல் இறங்கி, கடைசிச் சொல் எனக்கே கேட்கவில்லை.

"மவுத்தா?" என்றார் அந்தத் தாய். "இன்னாலில்லாஹி." மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

போய்விடுவார் என்றே நினைத்தேன். போகிறவரிடம் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டினேன். இது இன்டர்நேஷனல் இல்லை, அந்தக் கவுன் கடைக்காரன் போட்டது, டை இல்லை, மேசைகூட இல்லை, இந்தத் தரைதான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரிஸ்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ள எத்தனையாம் வகுப்பு?"

"ஒண்ணு."

"ஒண்ணாம் வகுப்பா! நான் வாசிக்காதத இது வாசிக்குதே. யாரு படிச்சுக் குடுத்தது?"

ரிஸ்னா உங்கள் முகத்தில் விரலை வைத்தாள். கறுப்புக் கவுனில் சோக்குத் தூள் பட்டது. முதல் தடவையாக அந்தப் படத்தில் நீங்கள் உங்களைப் போலவே இருந்தீர்கள்.

நாளைக்கு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி நீங்கள் இல்லை என்று சொல்லப் போகிறேன். எத்தனை பேர் நிற்பார்கள் என்று தெரியாது. நிற்கிறவர்களோடு ஜனவரியில் திறப்பேன்.

அந்தத் தாய் கேட்டார்: "அப்ப டை இல்லன்னா, என்ன போட்டு அனுப்புறது மிஸ்?"

"கையைக் கழுவிப்போட்டு அனுப்புங்கோ. மிச்சத்தை நாங்கள் பாப்பம்."

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டேன். அது என் தமிழே இல்லை அக்கா. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

அவர் குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "மிஸ், நீங்க யாழ்ப்பாணமா?"

"இல்ல, இந்த ஊருதான்" என்றேன். அவர் மகளின் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன்.

உங்கள்
பாத்திமா