ஷீபாவின் பல் பட்ட இடம்

2024 மே 6, திங்கள்

காலையில் கூண்டு கழுவினேன். ஷீபாவுக்குச் சோறும் மாட்டு ஈரலும். இரண்டு வாரமாக இதுதான் என் வேலை. ரப்பர் மரத்து ஒட்டுப்பால் திருட்டை நிறுத்தத் தோட்டத்துத் தொரை கொழும்பிலிருந்து வாங்கி வந்த அல்சேஷன். பழக்குவது தோட்டத்து வாச்சரான என் கிருஷாந்த் அண்ணன்.

இன்றும் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு "கடி, கடி" என்று கத்தினான். அவள் கவ்வினாள், விட்டாள், திரும்பி என்னைப் பார்த்தாள். அண்ணனுக்கு ஆத்திரம். "நீ கொஞ்சிக் கொஞ்சியே கெடுக்கிற. கடிக்கிறதுக்குன்னே பொறந்த சாதி இது."

ஊசி போட வந்த மிருக டொக்டர் நோனா, அந்தச் சிங்கள அம்மா, சொன்னதை நான் சொன்னேன். இந்தச் சாதி முதலில் ஆட்டு மந்தையோடு நடப்பதற்காக வளர்த்ததாம்.

"ஆடு மேய்க்கவா தொர இவ்வளவு தூரம் கொண்டாந்தாரு?"

அவள் கண்ணில் கடி இல்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

மே 9, வியாழன்

இன்று சாக்கை விடாமல் பிடித்துத் தொங்கினாள். அண்ணன் அவளைத் தடவிக் கொடுத்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். நான் வாளியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மே 14, செவ்வாய்

லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் பரிமளம் அக்காவின் ஆடுகள் ஐந்தும் ரப்பர் கன்று வளர்க்கும் தவறணைக்குள் புகுந்துவிட்டன. கன்றைத் தின்றால் அக்காவுக்குத்தான் ஏச்சு. நான் யோசிக்கவே இல்லை, ஷீபாவை அவிழ்த்துவிட்டேன். தாழ்ந்து, வட்டமாக ஓடி, ஒன்றின் மேலும் வாய் வைக்காமல் ஐந்தையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு வந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது?

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது நாயில்ல புள்ள, கங்காணி!"

ஃபோனில் எடுத்த வீடியோவை அண்ணனிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான்.

"இத யாருக்கும் காட்டாத. கடிக்காத நாய்னு தெரிஞ்சா தொர திருப்பி அனுப்பிருவாரு. அதோட என்னையும்."

அவன் பயந்து நான் பார்த்ததில்லை. வீடியோவை அழித்துவிட்டேன்.

மே 20, திங்கள்

அழித்தேனே தவிர விடவில்லை. அண்ணன் ஆபீஸுக்குப் போகும் நேரம் பார்த்து தினமும் அவளை அக்காவின் ஆடுகள் பக்கம் அவிழ்த்துவிடுகிறேன். அவள் எதற்காகப் பிறந்தாளோ அதை ஒரு அரைமணி நேரமாவது செய்யட்டும். இதில் என்ன தப்பு?

மே 28, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெட்டிய ரப்பர் பால் கெட்டுவிடும் என்று பெண்கள் வாளிகளோடு ஸ்டோருக்கு ஓடினார்கள். ஷீபா அவிழ்ந்திருந்தாள் — நான் அவிழ்த்திருந்தேன். சிதறி ஓடுகிற ஆட்களைப் பார்த்ததும் காது நிமிர்ந்தது. கூப்பிட்டேன், நிற்கவில்லை. வட்டம் போட்டாள். பத்துப் பேரையும் சுற்றி வந்தாள். அவர்கள் அலறிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார்கள். கடைசியாக ஓடியவர் பரிமளம் அக்கா. பின்தங்கிய ஆட்டைத் தள்ளுவதுபோல அவர் குதிகாலில் வாய் வைத்தாள். அக்கா துள்ளினார், கால் வழுக்கியது, சரிவிலிருந்து மழைத் தண்ணீர் ஓடும் கல் கானுக்குள் விழுந்தார்.

அந்தச் சத்தம். கான் முழுக்க வெள்ளையாகப் பால். அதற்குள் அக்கா.

சாக்கில் கட்டித் தூக்கி றோட்டுக்குக் கொண்டு போய் லொறியில் ஏற்றினார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம்.

"யாருடி அவுத்து விட்டது?" என்றான் அண்ணன். நான் சங்கிலியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். என் முகத்தைப் பார்த்தான். பிறகு கணக்கப்பிள்ளையிடம் போய், "சங்கிலி கழண்டிருச்சுங்க, நான்தான் சரியா மாட்டல" என்றான்.

மே 29, புதன்

லயத்து ஆட்கள் எல்லாம் கூண்டுக்கு முன்னால். நாயைக் கொல்ல வேண்டும் என்கிறார்கள். தொரையும் சொல்லிவிட்டார் — பதினாலு நாள் கட்டி வைத்து, விசர் நோய் இல்லை என்று உறுதியான பிறகு ஊசி.

அது கடியே இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அக்காவின் குதிகாலில் சின்னதாக இரண்டு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? இடுப்பு உடைந்து கிடப்பவரிடமா?

ஜூன் 2, ஞாயிறு

விடாத மழை. தெஹியோவிட்டப் பக்கம் எல்லாம் வெள்ளம், அக்கா கிடக்கும் அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு பஸ் இல்லை. அக்காவுக்கு ஒபரேஷன் நடந்ததா, உயிரோடு இருக்கிறாரா? ஃபோனும் இல்லை, கரண்டும் இல்லை. ஷீபா இரண்டு சங்கிலியில் கிடக்கிறாள். சோற்றைத் தொடவில்லை. என்னைப் பார்த்ததும் வாலை மட்டும் ஆட்டினாள். ஆட்டாதடி. தயவுசெஞ்சு ஆட்டாத.

ஜூன் 5, புதன்

அண்ணன் சாக்கை அடுப்பில் போட்டு எரித்தான். ஈரச் சாக்கு, வீடெல்லாம் புகை.

"நான்தான் கடிக்கச் சொல்லிக் குடுத்தேன் கேஷானி. சும்மா கெடந்த நாய. அந்தக்கா இடுப்பு என்னாலதான் போச்சு."

இல்ல அண்ணே, அவ கடிக்கல, கூட்டிச் சேக்கத்தான் போனா, அதப் பழக்கிவிட்டது நான் — நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் என்ன பிறவி?

ஜூன் 8, சனி

பஸ் ஓடத் தொடங்கியது. முதல் பஸ்ஸில் போனேன். வார்டில் அக்கா பாதியாக இளைத்துக் கிடந்தார். ஒபரேஷன் முடிந்துவிட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா முகட்டைப் பார்த்தபடியே இருந்தார். "சுத்தி வந்தப்பவே எனக்குத் தெரியும் புள்ள, கடிக்க வரலன்னு. ஆனா விழுந்தவளுக்கு அதுல என்னா வித்தியாசம்?"

போர்வையைச் சரிசெய்யப் போனேன், அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஒங்க அண்ணன் நேத்துக் காலு மூழ்குற தண்ணியில நடந்தே வந்தான். இந்தக் கட்டில்ல தலைய வச்சு அழுதான். அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் இங்க வந்த? போ."

ஜூன் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். தினமும் அவிழ்த்துவிட்டு ஆடு ஓட்டப் பழக்கியது நான், அவள் கடிக்கப் போகவில்லை என்று, முதலில் அண்ணனிடம், பிறகு ஆபீஸில் தொரையிடம்.

தொரை என்னைக் கூண்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பரவாயில்லை. ஷீபாவை மாட்டுப்பண்ணை எதற்காவது கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆளை விழுத்திய நாயை இன்னொருவன் தலையில் கட்ட முடியாது என்றார்.

அண்ணன் சத்தம் போடவில்லை. "பதிமூணு நாளு. பாத்துக்கிட்டே இருந்தியேடி." அவ்வளவுதான் சொன்னான்.

ஜூன் 11, செவ்வாய்

டொக்டர் நோனா வந்தார். "அனே பவ்", ஐயோ பாவம், என்றார் சிங்களத்தில், ஊசியை நிரப்பிக்கொண்டே. ஷீபாவின் தலையை அண்ணன் பிடித்துக்கொண்டான். நான் கிட்டப் போகக் கூடாதாம். தூரத்தில் நின்று பார்த்தேன். கடைசிவரை அவன் கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12, புதன்

ஒன்றுமில்லை.

ஜூலை 3, புதன்

அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறான். தொரை வேறொரு நாய் வாங்கித் தருவதாகக் கூப்பிட்டாராம், கறுப்பு, பெரிய தலை, கடிக்கென்றே பேர் போன சாதி. அண்ணன் "எந்தச் சாதி எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க சார்" என்று சொல்லி வாச்சர் உடுப்பை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டானாம். கணக்கப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறான். நானும்தான். வேறு வேறு மலை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். முதல் நாள் என்னை உள்ளே விடவில்லை. இரண்டாம் நாளும் விடவில்லை. மூன்றாம் நாள், "வந்தது வந்துட்ட, முதுக தேச்சு விடு" என்றார். அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகுமுன் குளிப்பாட்டிவிடுகிறேன். வலித்தால் என்னை ஏசுகிறார். ஏசட்டும்.

வெந்நீர் வாளி எப்போதும் வாசலில் வந்து இருக்கும். யார் வைப்பது என்று எனக்குத் தெரியும். அவன் உள்ளே பார்க்க மாட்டான், வைத்துவிட்டுப் போய்விடுவான்.

இன்று அக்கா கட்டையை ஊன்றிக் கதவுவரை எட்டு அடி நடந்தார். எட்டாவது அடியில் தடுமாறி என் தோளில் சாய்ந்தார். வாளியோடு வந்த அண்ணன் அப்படியே நின்றுவிட்டான்.

பிறகு அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஒரு வாளி போதுமா? இன்னொண்ணு கொண்டாரவா?"

"கொண்டா அண்ணே," என்றேன்.