நாலு பக்கமும் கடல்

ஜனவரி 27, திங்கள்

இரண்டு வார வாதப் பிரதிவாதங்களுக்குப் பின், ரைஸ் குக்கர் கப்பலுக்கு வராது என்று இன்று காலை தீர்மானிக்கப்பட்டது. நான் முன்மொழிந்தேன். புஷ்பவதி வழிமொழியவில்லை, எதிர்த்து வாக்களிக்கவுமில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சற்றுப் பலமாக அடுக்கினாள். எங்கள் இல்லறத்தில் இதை ஏகமனதான ஒப்புதல் என்றே பதிவுசெய்து வருகிறேன்.

கப்பல் கம்பனியின் தடைப்பட்டியலில் துப்பாக்கி, வெடிமருந்து, இஸ்திரிப்பெட்டி, ரைஸ் குக்கர் என்று ஒரே மூச்சில் வருகிறது. எங்கள் ஆட்களோடு பழகிய ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும். இழப்பீடாக, வறுத்த மிளகாய்த்தூள் ஒரு சிறு போத்தல் அனுமதிக்கப்பட்டது. சான்ட்ரிங்ஹாம் கடையில் மிளகாய் வாங்கிவந்தேன்.

ஜனவரி 29, புதன்

கண் கிளினிக். புஷ்பவதிக்கு வலது கண் போய் இரண்டு வருடம். இடது கண்ணில், நடுவில், ஒரு சிறு வட்டம் மிஞ்சியிருக்கிறது. அதுவும் சுருங்குகிறது. டொக்டர் இளம்பெண், மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். ஆகஸ்டில், இங்கத்தைய குளிர்காலம் முடியுமட்டும் தாங்கினால் நல்லது என்றார். தாங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி பக்கத்து நாற்காலியில் புஷ்பவதி இருந்தாள்.

காரில் அவள் கேட்டது ஒன்றுதான். "கப்பலுக்கு இன்னும் எத்தினை நாள்?"

அவளுக்கு நாலு பக்கமும் கடல் பார்க்க வேண்டும். பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கடல் இருக்கிறது. எதிரே மலை நிற்கிறது. ஹென்டர்சன் வழியாக மேற்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். எதிரே ஒன்றுமேயில்லை. அவள் திரும்பி, கார்கள் நிற்கிற இடத்தைக் காட்டி, "பின்னுக்குக் கரை நிக்குதே" என்றாள். மறுக்க முடியாத வாதம்.

பெப்ரவரி 2, ஞாயிறு

தனபாலன் வந்தார். மலேசியாக்காரர், பழைய அலுவலக நண்பர். ஆறு கப்பல் பயணம் போனவர். இதைத் தவிர வேறெதிலும் நான் அவரிடம் ஆலோசனை கேட்டதில்லை. அவரும் மனைவி மார்கரெட்டும் இதே கப்பலில்தான் வருகிறார்கள்.

அவருடைய அறிவுரைகள்: அறை கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில் எடுக்க வேண்டும், ஆட்டம் குறைவு. (நாங்கள் எடுத்தது மேலே, பல்கனியோடு. கீழ்த்தட்டு ஜன்னல் திறக்காது.) மருந்தெல்லாம் கைப்பையில், பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரப் பின்னேரமாகும். அறைச் சுவர் இரும்பு, ஆகவே காந்தக் கொக்கி நாலு வாங்கு. காப்புறுதியில் 'கப்பல்' என்று தனியாக இருக்கிறதா பார். கரையை விட்டதும் போனை ஃபிளைட் மோடில் போடு, இல்லாவிட்டால் வருகிற பில்லைப் பார்த்து நெஞ்சு நிற்கும்.

வெளிக்கிடும்போது, "கப்பல்ல ஏறிட்டா கவலையெல்லாம் கரையில நின்னுடும் லா" என்றார். இதை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

உள்ளே புஷ்பவதி போனில் சிரிக்கும் சத்தம். ஞாயிறென்றால் ரொறன்ரோவிலிருந்து சிவனேசன் எடுப்பார். பெரியப்பாவின் மகன், ஆனால் அவளுக்கு அண்ணன் என்று இருக்கிறது அவர் ஒருவர்தான். அரை மணி கதைப்பார்கள். அதில் பாதி, அங்கே எவ்வளவு பனி என்பது.

பெப்ரவரி 6, வியாழன்

வைட்டாங்கி தினம், இந்த நாட்டின் தேசிய விடுமுறை. புஷ்பவதி தோட்டத்தில் நின்றாள். அவளுடைய போன் மேசையில் அடித்தது. சிவனேசனின் மகள் நிலானி.

"மாமா, மாமி பக்கத்தில நிக்கிறாவோ?"

இல்லை என்றேன்.

"அப்பா எங்களை விட்டிட்டுப் போயிட்டார், மாமா. பனி அள்ளிக்கொண்டு நிண்டவர்."

மாமி நித்திரை, எழும்பினதும் சொல்கிறேன் என்றேன். ஜன்னலுக்கு வெளியே மாமி கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லவில்லை. சொன்னால் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கென்றால் முப்பத்தொரு நாள் — கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, கப்பல் நிச்சயமாக இல்லை. ஞாயிறு கப்பல்.

போனை ஃபிளைட் மோடில் போட்டேன். திரையின் மூலையில் வருகிற அந்தச் சின்ன விமானம் அவளுக்குத் தெரியாது. அது தெரியாது என்று எனக்குத் தெரியும் — என்ன மனுசன் நான்?

பெப்ரவரி 7, வெள்ளி

காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். நெருங்கிய உறவினர் இறந்தால் பயணத்தைத் தள்ளிவைக்கலாமாம். நெருங்கிய உறவினர் யாரென்று வாசித்துக்காட்டினார்கள். அதில் வளர்ப்புப் பிள்ளை இருக்கிறது, மனைவியின் முந்தைய கணவனின் தாய் இருக்கிறார், பெரியப்பாவின் மகன் இல்லை. தள்ளிவைத்தாலும் எதுவரை? குளிர்காலத்துக்கா?

சாத்திரப்படி பார்த்தால், கலியாணம் முடித்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் துடக்கு மூன்று நாள்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன். சனியோடு முடிகிறது. நல்ல வாதம். புஷ்பவதி சாத்திரத்தைவிடக் கண்டிப்பானவள் என்பதுதான் இதிலுள்ள ஒரே குறை.

வீட்டு இணையத்தையும் கழற்றிவைத்தேன். கம்பனிக்காரன் திருத்துகிறான் என்றேன்.

பெப்ரவரி 8, சனி

பிரணவிக்குச் சொன்னேன். மகளிடம் மறைக்க முடியாது. அவளுக்கும் நிலானி செய்தி அனுப்பியிருக்கிறாள். "தட்ஸ் நொட் யுவர்ஸ் டு ஹைட், அப்பா" என்றாள். அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அழுதாள். பிறகு தானும் சொல்லமாட்டேன் என்றாள். மகளையும் பொய்யில் பங்காளியாக்கியாயிற்று.

தனபாலனுக்கும் சொன்னேன். கப்பலில் வைஃபை வாங்காவிட்டால் ஒரு செய்தியும் வராதுதானே என்று உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. வராது என்றார். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றேன். "நான் யார்கிட்ட சொல்லப்போறேன் லா."

பெப்ரவரி 9, ஞாயிறு

பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்றோம். அவள் நீலச் சேலை உடுத்தியிருந்தாள். கையிலிருந்த போனைத் தடவிக்கொண்டு, "அண்ணை இண்டைக்கு எடுக்கேல்லை" என்றாள்.

"அங்க சரியான பனியெண்டு கேள்வி" என்றேன்.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கப்பல் வெளிக்கிடும்போது மேல்தட்டில் பாட்டுப் போட்டார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரை பின்னால் போவதைப் பார்த்தாள். ரங்கிடோட்டோ மலை கனநேரம் கூடவே வந்தது. இருட்டிவிட்டது. "நாளைக்கு விடிய நாலு பக்கமும் ஒண்டும் இராது, என்ன?" என்றாள். ஓம் என்றேன். நான் கும்பிடுகிற ஆளில்லை. கும்பிட்டேன்.

பெப்ரவரி 10, திங்கள்

காலைச் சாப்பாட்டு மண்டபம். பல்கனிக்குப் போகமுன் ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்று சொன்னது நான். நான்தான்.

மார்கரெட் நேரே வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். "ரொம்ப வருத்தமா இருக்குக்கா. உங்க அண்ணன் டொரோன்டோவுல தவறிட்டாராமே. இந்த நெலமையிலயும் மனசத் தேத்திக்கிட்டு வந்திருக்கீங்க பாருங்க."

அன்பு. முழுக்க அன்பு. அவர்கள் கிறிஸ்தவர்கள், துடக்கு என்ற ஒன்று அவருக்குத் தெரியாது. தனபாலன் தட்டைப் பிடித்தபடி சிலைபோல நின்றார். 'ஒருவருக்கும்' என்பதில் மனைவியும் சேர்த்தி என்று நான் சொல்லியிருக்கவில்லை.

புஷ்பவதி அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நன்றி, மார்கரெட்" என்றாள். தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு அறைக்கு வந்தாள். பழகாத இடத்தில் அவள் யாரையாவது பிடித்துத்தானே வரவேண்டும்.

உள்ளே வந்து, "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். வியாழன், பனி அள்ளும்போது என்றேன். பல்கனித் திரையை இழுத்து மூடினாள். அறை இருண்டது. நெற்றிப் பொட்டை அழித்தாள்.

எவ்வளவு கதைத்தேன். கண்ணைப் பற்றி, டொக்டரைப் பற்றி, சாத்திரத்தில் மூன்று நாள்தான் என்பதைப் பற்றி — அதைக்கூடச் சொன்னேன், வெட்கங்கெட்டவன் — ஒருக்கா எட்டிப் பாரப்பா, ஒரு நிமிசம், ஒருத்தரும் காணமாட்டினம் எண்டு கெஞ்சினனான்.

"அவர் பனிக்குள்ள விழுந்து கிடந்திருக்கிறார். நான் சேலை தெரிவு செய்துகொண்டு நிண்டிருக்கிறன்" என்றாள். "என்ர கண்ணில மிச்சம் இருக்கிறது என்ர. நான் அதை எதுக்குப் பாவிக்கிறதெண்டு நீங்கள் முடிவெடுக்கேலாது."

பெப்ரவரி 11, செவ்வாய்

வைஃபை வாங்கினேன். தகனம் இன்று காலை, எங்கள் நேரப்படி. நிலானி நேரடி ஒளிபரப்புக்கு இணைப்பு அனுப்பியிருந்தாள்.

போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். சின்னத் திரை, சின்ன வட்டம். "எனக்குக் கலங்குது. நீங்கள் சொல்லுங்கோ."

சொன்னேன். பெட்டி திறந்திருக்கிறது, வேட்டி சால்வை, முகம் அமைதியாக இருக்கிறது. சுண்ணம் இடிக்கிறார்கள். நிலானி கறுப்புக் கோட்டோடு நிற்கிறாள். ஐயர் தேவாரம் தொடங்குகிறார்—

அதோடு படம் உறைந்தது. நடுக்கடல். ஐயரின் வாய் திறந்தபடி நின்றது. புஷ்பவதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை. வாய்க்கரிசி போடுகிறார்கள் என்றேன். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கிறார்கள் என்றேன். ஆட்கள் நிறைய, பின்னால் நிற்க இடமில்லை என்றேன். கண்ட செத்தவீடுகள் எல்லாவற்றிலுமிருந்து எடுத்துச் சொன்னேன்.

"ஐயரின்ர குரல் நிண்டு கனநேரம்" என்றாள்.

நான் வாயை மூடினேன்.

"பறவாயில்லை. முடிச்சு வையுங்கோ."

முடித்துவைத்தேன்.

பெப்ரவரி 13, வியாழன்

மேல்தட்டுக்குத் தனியாகப் போனேன். நாலு பக்கமும் கடல்தான். விளம்பரத்தில் ஒரு பொய்யும் இல்லை. அறைக்கு வந்தேன். எப்படியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

கரை. தனபாலன் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். கண்ணைப் பார்க்கவில்லை. கப்பலில் துடக்கென்று மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே சமையற்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும். சோறும் பருப்பும் அறைக்கே வரும். இந்த ஒரு விடயம் தனபாலனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மிளகாய்த்தூள் போத்தல் திறபடவில்லை.

மார்ச் 8, சனி

முப்பத்தொன்று. வீட்டிலேயே படைத்தோம். பிரணவி வந்திருந்தாள். புஷ்பவதி என்னோடு இப்போது கதைக்கிறாள். உப்புக் காணுமோ என்று கேட்டாள்.

பின்னேரம் துணிந்து கேட்டேன். துடக்குக் கழிந்துவிட்டது. ஏப்ரலில் அதே கப்பல் இன்னொரு முறை போகிறது, பருவத்தின் கடைசிப் பயணம். அறை இருக்கிறது. பல்கனி.

அவள் இலையை மடித்துக்கொண்டே, "ஆட்டைத் திவசம் முடியட்டும்" என்றாள்.

அதற்கு ஒரு வருடம் இருக்கே, புஷ்பம்.

"தெரியும்."

ஆகஸ்ட் 16, சனி

பிரணவி வந்து மைக்ரோவேவ் பொத்தான்களில் அம்மாவின் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடான ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள். தொடங்குவதற்கு ஒன்று. நிறுத்துவதற்கு இரண்டு.