தீவில் விடுபட்ட மொட்டை

பாவா,

கனகம்மாசத்திரம் பஞ்சர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என் சைக்கிள் டியூபைத் தேய்த்துச் சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி ஊதிக் காய வைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்குச் சாமந்திப்பூ, ஊதுவத்தி என்று கௌரவமான வாசனைகளில் இறந்தவர்கள் நினைவுக்கு வருவார்கள். நீ மட்டும் பஞ்சர் சொல்யூஷனில் வருகிறாய். உன் தகுதிக்கு அது போதும்.

நேற்றுத் தைக் கிருத்திகை. தலை மொட்டை. சந்தனம் காதோரம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இதில் நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் யாரும் கேட்க முடியாது. மொட்டை எழுதினால் மொட்டைக் கடிதம்தானே.

உன் நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்று டாக்டர் சொன்ன வருடம் ஞாபகமிருக்கிறதா? ஓடக் கூடாது, நீந்தக் கூடாது, கிரிக்கெட்டில் அம்பயராக மட்டும் நிற்கலாம். உன் அம்மா, என் அத்தை, உன்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டவில்லை, அவ்வளவுதான். நீ படுத்தபடியே போனில் போர்க் கதைகளாகப் பார்த்துத் தள்ளினாய். அதில் ஒன்று உன்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலின் நடுவே, மாக்கின் என்றொரு பவளத் தீவு. அது ஜப்பான்காரர்கள் கையில். அமெரிக்கப் படைக்காரர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களில் போய், ரப்பர் படகுகளில் இறங்கி, அதைத் தாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். என்னமோ நீயே துடுப்புப் போட்ட மாதிரிச் சொல்வாய்.

"சத்தமே இல்லாம கரைக்குப் போயிட்டாங்கடா. அங்க ஒருத்தன் துப்பாக்கி கைதவறி வெடிச்சிட்ச்சு."

"அது நம்ம குமாரோட தாத்தாவா இருக்கும் பாவா."

"வாய மூட்றா வாலு. கேளு. போறது சுளுவு. திரும்பறதுதான் கஷ்டம். அலை தூக்கித் தூக்கிக் கரையிலயே அடிக்குது. படகு மோட்டார்ல தண்ணி பூந்து நின்னுபோச்சு. முட்டி மோதி ஒருவழியா கப்பலுக்கு வந்துட்டாங்க. எல்லாம் வந்தாச்சுன்னு கப்பலும் கெளம்பிடுச்சு. ஒம்பது பேரு தீவுலயே நின்னுட்டாங்கடா."

"அப்புறம்?"

"மாட்டிகினாங்க. கொன்னுட்டாங்க."

இந்த இடத்துக்கு வந்ததும் உனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோபம் வரும். எழுந்து உட்கார்ந்துவிடுவாய். "எண்ணினவன் எவன்டா? கூட வந்தவன் வந்தானா இல்லியான்னுகூடப் பாக்கத் தெரியாதா?" என்று சுவரைப் பார்த்துக் கத்துவாய். அத்தை சமையலறையிலிருந்து, "டேய், யாரு எங்க போனா உனக்கின்னாடா, மாத்திரய முழுங்கு" என்பார்.

அந்தத் தை மாதம் ஏரி கரை தொட்டு நின்றது. நடுவிலிருக்கும் கருவேலந் திட்டு தீவாகிவிட்டது. பொங்கல் மேட்ச்சில் நம்மைத் தோற்கடித்த அக்கரை ஊர்ப் பயல்கள் அதன் உச்சியில் தங்கள் டீம் கொடியை நட்டுவிட்டுப் போனார்கள். நம் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி நட்டதுதான் கொழுப்பு. நீ இரண்டு நாள் அதையே பார்த்தாய். மூன்றாம் நாள் ஆணை வந்தது. ஏழு பேர், லாரி டியூப்களில் போய், அவர்கள் கொடியைப் பிடுங்கிவிட்டு நம் கொடியை நட வேண்டும். நம் கொடி எது? பொதட்டூர்பேட்டையில் வாங்கிய உன் நீலக் கட்டம் போட்ட லுங்கி. தீவுக்குப் போவதால் இனி நாமெல்லாம் தீவிரவாதிகள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சொல்யூஷன் வாங்கி டியூப் ஓட்டைகளை எல்லாம் நீயே ஒட்டினாய். துடுப்புக்குத் தென்னை மட்டை. நீந்தத் தெரியாத எனக்குப் பெரிய டியூபாகக் கொடுத்தாய். நீ ஏரிக்கரையில் விசிலோடு நிற்பாய். நீர்மூழ்கிக் கப்பலும் நீ, தளபதியும் நீ.

"ஒருத்தனையும் உட்டுட்டு வரமாட்டோம். நான் நின்னு எண்ணுவேன். புரியுதா?"

"புரியுது தலைவா."

எல்லாம் யோசித்த தளபதி ஒன்றை யோசிக்கவில்லை. கிருத்திகைக்கு மறுநாள் அது. நம் ஊர் வழக்கம்போல் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் திருத்தணி போய் மொட்டை போட்டு, சந்தனம் பூசி வந்திருந்தோம். அக்கரைக்காரர்களுக்கும் அதே வழக்கம், அதே மலை, ஒருவேளை அதே கத்தி.

போவது, நீ சொன்ன மாதிரியே, சுளுவாகத்தான் இருந்தது. கொடியைப் பிடுங்கினோம், லுங்கியைக் கட்டினோம். குமார் வெற்றிக் களிப்பில் ஊளையிட்டான். அவ்வளவுதான், அக்கரையில் குளித்துக்கொண்டிருந்த மொட்டைகள் எல்லாம் திட்டைப் பார்த்து நீந்திவர ஆரம்பித்தன. நம் படை டியூபுகளோடு தண்ணீரில் விழுந்தது. என் டியூப் மட்டும் கருவேல முள்ளில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டுச் செத்தது. நான் கத்தினேன். அந்தக் களேபரத்தில் யார் காதில் விழும்? துரத்தியவர்களும் துரத்தப்பட்டவர்களும் கலந்துபோய், ஏரி முழுக்கச் சந்தனம் பூசிய தலைகள்.

கரையில் நடந்ததைப் பிறகு சீனு எனக்கு நடித்தே காட்டினான். தண்ணீரிலிருந்து ஏறிய மொட்டைகளை நீ ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினாயாம். ஏழு வந்ததும், "எல்லாம் வந்தாச்சுடா, ஜெயிச்சிட்டோம்!" என்று விசிலடித்தாயாம். கடைசி மொட்டை மூச்சு வாங்கிக்கொண்டே கையைத் தூக்கியதாம்.

"அண்ணா, நான் உங்க ஊரு இல்லீங்க. தொரத்திகினு வந்தேன், தெரியாம இங்க ஏறிட்டேன்."

திட்டின் மேல் நான் உன் லுங்கியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன் பாவா, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரைக்காரர்களும் திரும்பிப் போய்விட்டார்கள். சுற்றிலும் தண்ணீர், கூடு கட்டிய கொக்குகள், நான். நீ சொன்ன அந்த ஒன்பது பேரும் இப்படித்தானே நின்றிருப்பார்கள் என்று தோன்றியதும் லுங்கியை இன்னும் வேகமாக ஆட்டினேன்.

அப்போது கரையிலிருந்து ஒரு டியூப் புறப்பட்டது. அதன் மேல் நீ. பின்னால் தள்ளிக்கொண்டு நீந்தி வந்தது அந்த அக்கரை மொட்டை. குமாரும் சீனுவும் நாங்கள் போகிறோம் என்று உன் காலைப் பிடித்தார்களாம். "தப்பா எண்ணினது நானு. நான்தான் போவணும்" என்று உதறிவிட்டாயாம்.

உன் உதடு நீலமாகியிருந்தது. மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாய்.

"உனக்குத் தண்ணி ஆவாதே பாவா. ஏன் வந்த?"

"ஏர்றா."

ஏறினேன். டியூப் பாதி முழுகியது. அக்கரைப் பையன் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் ஆடாம குந்துங்கடா, என்னால முடியல" என்று திட்டினான்.

"எனக்கு மூச்சு வாங்குது. நீ பேசு" என்றாய்.

பேசினேன். கணக்கு வாத்தியாரிடம் உன்னை அனுப்ப வேண்டும் என்றேன். தலையை எண்ணத் தெரியாதவனெல்லாம் தலைவனா என்றேன். அத்தை துடைப்பத்தோடு ஜப்பான் ராணுவம் மாதிரி நிற்கிறார், சரணடைந்துவிடலாம் என்றேன். கரை வரும்வரை வாயை மூடவில்லை. நிறுத்தினால் உன் மூச்சின் சத்தம் கேட்டுவிடும் என்று பயம். நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

அத்தையால் உன்னை அடிக்க முடியாது, நெஞ்சு நோய்க்காரன். உனக்குச் சேர வேண்டியதும் என் முதுகுக்கே வந்தது. அன்று சாயங்காலம் கட்டிலில் படுத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டாய். "இனிமே தல எண்ணக் கூடாது. பேரு சொல்லிக் கூப்டணும். 'ஆங்'னு பதிலு வரணும். வந்தாத்தான் கெளம்பணும்." அன்றிலிருந்து மேட்ச்சுக்குப் போனாலும், மணவூர் ஸ்டேஷனில் ரயில் பார்க்கப் போனாலும் அதுதான் சட்டம்.

அடுத்த ஐப்பசியில் சென்னையில் உனக்கு ஆபரேஷன். முதல் நாள் போனில், "பயமா கீதா பாவா?" என்று கேட்டேன். "போறது சுளுவுடா" என்றாய். மீதியை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன தையில் துக்கம் என்று நம் வீட்டில் யாரும் மலையேறவில்லை. வருஷ திதி முடிந்து, நேற்றுதான் அத்தையும் எங்களோடு வந்தார். தரிசனம் முடிந்து இறங்கினோம். நைனா பிடித்துவந்த குட்டி யானை வண்டி அடிவாரத்தில் நின்றது. டிரைவர், "எல்லாம் ஏறியாச்சா?" என்றார். நான் பின்பலகையில் நின்று பேர் படித்தேன்.

"சீனு!"

"ஆங்."

"குமாரு!"

"வாயில பொரி கீதுடா."

"அதயா கேட்டேன்? நீ கீறியா?"

"ஆங்."

எல்லாப் பேரும் முடிந்தது. வண்டியைத் தட்டக் கையை ஓங்கினேன். குமார் உட்காரவில்லை.

"ஒரு பேர உட்டுட்ட."

"இல்லியே."

"உட்டுட்டடா. கூப்டு."

முன் சீட்டில் அத்தை இருந்தார். திரும்பவில்லை. உன் பேரைக் கூப்பிட்டேன். குரல் உடைந்தது, அது இந்த வயதில் எல்லோருக்கும் உடைகிறதுதான்.

பிறகு ஒரு ஆங். பக்கத்திலிருந்து இன்னொன்று. பொரி வாயோடு ஒன்று. ஒரே பேருக்கு வண்டி முழுக்க ஆங், ஆங் என்று வந்தது. எல்லாம் அடங்கியபின், முன் சீட்டிலிருந்து மெதுவாக ஒன்று.

தகரத்தைத் தட்டினேன். "ரைட், போலாம்."